நாலாம் மாடிக்கு வராத சூடு

லண்டன் வால்தம்ஸ்டோவில் அந்த ஏழு மாடிக் கட்டடத்தைக் கட்டி முடித்தபோது வாசலில் ஒரு பலகை நட்டார்கள். பச்சை இலை ஒன்றை வரைந்து, இந்த வீடுகளுக்குக் காஸ் தேவையில்லை, மரமே சூடு தரும் என்று எழுதியிருந்தார்கள். பலகையில் எழுத மட்டும் மனிதருக்குக் கூச்சமே வருவதில்லை. காஸ் குழாய் ஒரு சாண்கூட உள்ளே வரவில்லை. நிலவறையில் லொறி அளவு கொதிகலன் ஒன்று. அதற்குத் தீனி பெல்லட். மரத்தூளை இறுக்கி, கோழித்தீன் மாதிரிச் செய்த சின்னச் சின்னக் குச்சிகள். லொறி வந்து பின்பக்கத்துக் கதவில் குழாயைக் கொழுவி ஊதிவிட்டுப் போகும். அது எரிந்து தண்ணீரைக் கொதிக்கவைக்க, சூடு குழாய்வழியே எல்லா வீட்டுக்கும் ஏறும். வெட்டின மரம் திரும்ப முளைக்கும், ஆகவே இந்த நெருப்பால் உலகத்துக்குக் கேடில்லை என்பது அரசாங்கத்தின் கொள்கை. எரித்துத் தருகிற சூட்டுக்கு உதவிப்பணமும் உண்டு.

நாலாம் மாடிக்குக் குடிவந்த கஸ்பருக்கு அதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. அவன் மன்னார்ப் பக்கம், பேசாலைக்காரன். விறகு பொறுக்கிக் காலில் முள் ஏறாத நாள் அவனுக்குச் சின்ன வயதில் இருந்ததில்லை.

"விறகை விட்டிட்டு இவ்வளவு தூரம் ஓடிவந்தா, இஞ்சையும் விறகுக்குப் பின்னாலதான் நிக்கிறம்," என்று மனைவி மேரிசாந்தியிடம் சொன்னான்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், சூடு நல்ல சூடு. பனி கொட்டுகிற மாதத்திலும் சாந்தி வெறுங்காலோடு நின்று புட்டு அவிப்பாள். கஸ்பருக்கு அது பெரிய காரியம். ஏனென்றால் அவனுடைய வேலை பிறீசருக்குள். என்பீல்டில் கால்பந்து மைதானம் போல ஒரு குளிர்க்கிடங்கு. கடைகளுக்குப் போகிற மீன், இறைச்சி, பட்டாணிப் பெட்டிகளை அடுக்குகளிலிருந்து இழுத்துப் பலகைத் தட்டுகளில் ஏற்ற வேண்டும். மெத்தை மாதிரித் தடித்த ஜக்கெற், இரண்டு சோடிக் கையுறை. அப்படியும் மூச்சு மீசையில் உறைந்து வெள்ளையாகிவிடும். குறித்த நேரத்துக்கு மேல் உள்ளே நிற்கவிடக் கூடாது என்று சட்டம். சூட்டறைக்கு அனுப்பிக் கையில் தேத்தண்ணி கொடுத்து, விரல் மடங்குகிறதா என்று மேற்பார்வையாளன் பார்த்தபிறகுதான் திரும்ப விடுவான். பெட்டி தூக்குகிறவன் விறைத்துப்போனால் கொம்பனி பதில் சொல்ல வேண்டும்.

கொதிகலன், ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்த கிழமை நின்றுபோனது. அதற்குச் சற்று முன்தான் அவர்களுடைய மகள் கத்தரின் பிறந்திருந்தாள்.

மார்ச்சில் வரவேண்டியவள் அவசரப்பட்டு ஜனவரியில் வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தே பங்குச் சுவாமி வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். பிள்ளை தேறுமோ என்ற பயம் அப்போது. தேறினாள். குழாயெல்லாம் ஒவ்வொன்றாய்க் கழன்றது. சாந்தி ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போய் பால் பம்ப் பண்ணிக் கொடுத்து, பிள்ளையை நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினாள். பெப்ரவரி நடுவில் தாதி சொன்னாள்: நிறை சரி, மூச்சும் சரி, இனி வீட்டுக்குப் போகலாம். ஆனால் இந்தப் பிள்ளையின் உடம்புக்குத் தன் சூட்டைத் தானே பிடித்துவைக்க இன்னும் தெரியாது. அறை சூடாக இருக்க வேண்டும், இரவும் பகலும். காற்று ஊடுருவக் கூடாது. வியாழக்கிழமை நான் வந்து வீட்டைப் பார்ப்பேன். சரியென்றால் வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போங்கள்.

வீடு அப்போது எப்படி இருந்தது? ஜன்னலுக்கு உள்பக்கம் தண்ணீர் வழிந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தல் கல்லாகக் கிடந்தது. கஸ்பர் வேலையிலிருந்து வந்தால் ஜக்கெற்றைக் கழற்றாமல் சோறு தின்றான். பிறீசரில் சூட்டறையாவது இருந்தது.

போக்கிடம் தேடாமலும் இல்லை. மனோர் பார்க்கில் அவனுடைய தங்கச்சி வீட்டில் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். தாதி அதைக் கேட்டதுமே தலையாட்டிவிட்டாள். கவுன்சிலைக் கேட்டால், உங்களுக்கு வீடு இருக்கிறதே, ஹீட்டரும் தந்திருக்கிறார்களே, வீடில்லாதவர் என்ற கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள் என்றார்கள். கட்டடக் கொம்பனி ஹீட்டர் தந்தது உண்மைதான், கரண்டில் ஓடுவது, வீட்டுக்கு இரண்டு. எல்லா வீட்டிலும் எல்லாரும் ஒன்றாகப் போட, கட்டடத்துக் கரண்ட் தாங்காமல் நின்றுவிடும். பிறகு இருட்டிலும் இருக்க வேண்டும்.

அந்தக் கிழமை கீழ்மண்டபத்தில் குடியிருப்பாளர் கூட்டம் நடந்தது. கட்டடத்தை நடத்துகிற கொம்பனியின் சார்பில் ஒரு பொறியியலாளர் வந்து படம் போட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். வந்தவர் பெயர் ஜம்புநாதன். கூட்டம் சத்தம் போட்டுக் களைத்துத் தேத்தண்ணி மேசைக்குப் போனபோது கஸ்பர் அவர் முன்னால் போய் நின்றான். கூட ஸ்ரீதரன் அண்ணையும் வந்தார். இரண்டாம் மாடி, ஓய்வுபெற்ற தபால்காரர், உலகத்திலுள்ள எல்லா அறிவித்தலையும் ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிற மனிதர்.

"சார் தமிழோ?"

"ஆமா. திருச்சி. இங்க விம்பிள்டன்ல இருக்கேன்."

"அப்ப எனக்குத் தமிழிலை சொல்லுங்கோ. சூடு எப்ப வரும்?"

ஜம்புநாதன் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார். "நான் உங்ககிட்ட பொய் சொல்ல விரும்பலைங்க. பாய்லருக்குள்ள நெருப்பு படற சுவர் வெடிச்சுப் போச்சு. அந்த பாய்லரைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. பார்ட்ட வெளிநாட்டுல தனியா செஞ்சு கொண்டாரணும். தேதி கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"புதுசொண்டு பூட்டேலாதோ?"

"புதுசா மர பாய்லர் வைக்க லண்டன்ல இப்ப பர்மிஷன் வாங்கறது கஷ்டம். புகையில தூசி வருது, காத்து கெட்டுப்போகுதுன்னு."

"நல்ல நெருப்பெண்டு தானே பலகையிலை எழுதினவை?"

"அது கார்பன் கணக்குல நல்லது. காத்துக் கணக்குல கெட்டது. ரெண்டு கணக்கையும் பாக்கறது வேற வேற ஆளுங்க."

"சரி, அப்ப காஸைத் தாங்கோ."

"காஸ் இனிமே வேண்டாங்கறதுதான் பாலிசி. அதோட, இங்க குழாயே இல்லையே."

"வெளிக்காத்திலையிருந்து சூடெடுக்கிற ஹீட் பம்ப் எண்டு ஒண்டு இருக்குதாம், ஸ்ரீதரன் அண்ணை சொன்னவர்."

"அதுதாங்க சரியான வழி. ஆனா அதுக்கு ரோட்டுலேருந்து பெரிய கேபிள் இழுக்கணும். அந்த வேலைக்குப் பெரிய க்யூ நிக்குது. வருஷக்கணக்கு ஆகும்."

ஸ்ரீதரன் அண்ணை பிஸ்கற்றைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி சொன்னார்: "பாத்தியே தம்பி, ஒருத்தரும் பிழை செய்யேல்லை. காட்டுக்கு நல்லது, காத்துக்கு நல்லது, உலகத்துக்கு நல்லது, எல்லாம் செய்து வைச்சிருக்கினம். நாங்கள் நடுவிலை நிண்டு விறைக்கிறம்."

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ," என்றான் கஸ்பர். "சார், எனக்கு உந்தப் பொலிசி ஒண்டும் வேண்டாம். என்ரை பிள்ளை இவ்வளவுதான் இருக்கிறாள்." இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினான். "வியாழக்கிழமை வீடு பாக்க வருகினம். ஒரு அறை, ஒரேயொரு அறை சூடாகினாக் காணும். பெல்லட் கீழை நிறையக் கிடக்குது. நான் கண்ணாலை பாத்தனான்."

"கெடக்குது. அதை எரிக்கத்தான் அடுப்பு இல்ல," என்றார் ஜம்புநாதன். சொல்லிவிட்டு அந்த மனிதர் உண்மையிலேயே தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் அவர் தன் வீட்டு ஹீட்டர் ஒன்றைக் காரில் வைத்துக்கொண்டு வந்து, நாலு மாடியும் தானே தூக்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார். லிப்ட் அன்றைக்கு நின்றிருந்தது. நல்ல மனிதர். நல்ல மனிதரால் அவ்வளவுதான் முடிந்தது.

புதன்கிழமை பின்னேரம் ஸ்ரீதரன் அண்ணையின் மனைவி நகுலேஸ்வரி ஒரு சட்டியில் பால்சுறாக் கறி கொண்டுவந்தாள். பிள்ளைப்பெற்றவளுக்குப் பால் ஊற, உள்ளி அள்ளிப்போட்டு, மிளகு இடித்துப் போட்ட பத்தியக்கறி. சாந்தி போர்வையைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டாள்.

"நல்லாப் போட்டுத் தின். சூடு ஆறினா உந்தக் கறி வாயிலை வைக்கேலாது," என்றாள் நகுலேஸ்வரி.

"பால் வருகுதக்கா. பாலுக்குக் குறையில்லை. வீடுதான் இல்லை."

"உப்பிடிச் சொல்லாதை."

"வேற எப்பிடிச் சொல்லுறது? நேற்று அவள் என்ரை விரலைப் பிடிச்சவள். நேர்ஸ் சொல்லுறா, அவளின்ரை கட்டில் இன்னொரு பிள்ளைக்கு வேணுமாம். அங்கையும் இடமில்லை, இஞ்சையும் இடமில்லை."

கஸ்பர் பிள்ளையின் அறை ஜன்னல் விளிம்பெல்லாம் தடித்த டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். காற்று ஊடுருவக் கூடாது என்று தாதி சொன்னாளே. ஒரு மயிர் நுழைய இடம் வைக்காமல் ஒட்டினான். கதவுக்குக் கீழே பழைய துவாயைச் சுருட்டி வைத்தான். வேலை என்று வந்தால் அவன் அரைகுறையாகச் செய்யமாட்டான்.

"உம்மடை ஊரிலை பிள்ளைப்பெத்த அறைக்குத் தணல் வைக்கிறேல்லையோ?" என்று கறிச்சட்டியைக் கழுவியபடி நகுலேஸ்வரி சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். "எங்கடை பக்கம் கட்டிலுக்குக் கீழை சட்டியிலை வைப்பினம்."

"வைக்கிறது. என்னையும் தம்பியையும் அப்பிடித்தான் வளத்தவை," என்றான் கஸ்பர். டேப்பைக் கடித்து அறுத்தபடி சொன்னான். அந்தப் பேச்சு அவன் தலைக்குள் போய்க் குந்திவிட்டது.

வியாழக்கிழமை அவன் வேலைக்கு லீவு போட்டிருந்தான். காலையிலேயே மூன்று ஹீட்டரையும் பிள்ளையின் அறையில் போட்டார்கள். சுவரில் தொங்கிய வெப்பமானி மெல்ல ஏறியது. சாந்தி அதன் முன்னாலேயே நின்று, ஏற ஏறச் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினாறு. பதினேழு. பிறகு கரண்ட் போய்விட்டது. மாடிப்படியில் கதவுகள் திறந்து ஆட்கள் ஏசுகிற சத்தம் கேட்டது. கொம்பனிக்குப் போன் எடுத்தால், ஆள் வர மத்தியானமாகும் என்றார்கள். தாதி வருவது பதினொரு மணிக்கு.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறது?" என்றாள் சாந்தி. "இப்ப அவ வந்து பாத்தா ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவா."

"நீ உடுப்பை மடிச்சு வை. நான் வாறன்."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். லொறி ஊதுகிற கதவடியில், கூரைக்குக் கீழே, சிந்தின பெல்லட் ஒரு குவியலாகக் காய்ந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு வந்தான். பொரிக்கிற பெரிய இரும்புத் தாச்சியைப் பல்கனியில் வைத்து மூட்டினான். முதலில் புகைந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். லண்டனில் வீட்டு முற்றத்தில் ஒரு சுள்ளி எரித்தாலே கவுன்சில் வந்துவிடும். அவன் பொறுமையாக நின்றான். அவன் மடையனல்ல. புகைதான் பொல்லாதது, தணல் சாது என்பது அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கடைசி நூல் புகையும் அடங்கி, தாச்சி முழுக்கச் சிவந்து கனன்றபிறகுதான் உள்ளே தூக்கினான். நிலவறையில் இவ்வளவு பெரிய இயந்திரத்தால் செய்ய முடியாததை ஒரு தாச்சி செய்கிறதே என்று அவனுக்குப் பெருமைகூட வந்தது. கொஞ்சம் சாம்பிராணியும் தூவினான்.

பேசாலையில் அவனை வளர்த்த அறைக்குத் தென்னோலைக் கிடுகுக்கூரை. மேலே வானம் தெரியும், மட்டைவேலிக்குள்ளால் கடற்காற்று போய்வரும். இங்கே இரண்டு தட்டுக் கண்ணாடி, அதைச் சுற்றி அவனே ஒட்டின டேப், கதவடியில் துவாய். தணலுக்கும் ஒரு நச்சு மூச்சு உண்டு, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை என்பதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அதைக் கண்டு கத்துகிற அலாரம் காஸ் வீடுகளில் இருக்கும். இது காஸ் இல்லாத வீடாயிற்றே, பூட்டியிருக்கவில்லை.

"ஐயோ, நல்ல சூடு," என்றாள் சாந்தி. எத்தனை நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. "கதவைச் சாத்திவிடுங்கோ, இருபதுக்கு வரட்டும். நான் தொட்டிலைச் சரிப்பண்ணுறன்."

அவன் சாத்தினான். குசினியில் தாதிக்குத் தேத்தண்ணி வைக்கப் போய், கரண்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்து, தன்னைத்தானே ஏசிக்கொண்டான். பல்கனியைக் கூட்டிச் சாம்பலை அள்ளினான். உள்ளேயிருந்து, "தலை கொஞ்சம் இடிக்குது" என்று சாந்தி சொன்னது கேட்டது. நித்திரை இல்லாததுதான் என்று நினைத்தான். சாப்பிட்டுவிட்டுப் படு என்றான். பதில் வரவில்லை. அப்போது வாசல் மணிக்குப் பதிலாகக் கதவில் யாரோ தட்டினார்கள். தாதி.

அவளைச் சிரித்த முகத்தோடு கூட்டிக்கொண்டு போய், கஸ்பர் அந்த அறைக் கதவைத் திறந்தான். வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. சாந்தி தொட்டிலடியில், மடித்த குழந்தைச் சட்டைகளுக்குமேல் விழுந்து கிடந்தாள்.

தாதிதான் அவளை இழுத்து வெளியே போட்டாள். அவள்தான் ஜன்னலைத் திறக்கப் போய், டேப்பைப் பார்த்துவிட்டு, கதவுகளையெல்லாம் திறந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். கஸ்பர் "சாந்தி, சாந்தி" என்று சொல்லிக்கொண்டு நின்றதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

கடவுள் புண்ணியம், சாந்தி பிழைத்தாள். ஒட்சிசன் வைத்தார்கள், மறுநாளே எழுந்திருந்து, "பிள்ளைக்குப் பால் குடுத்தவையோ?" என்று கேட்டாள். அந்த அறையில் பிள்ளை இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, எல்லாருடைய முகத்திலும் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் அவர்களை இருத்திப் பேசினார்கள். கவுன்சிலின் பிள்ளைகள் பாதுகாப்புப் பகுதியிலிருந்து வந்த அதிகாரி இளம்பெண். மெல்லப் பேசினாள், நடுவில் டிஷ்யூப் பெட்டியை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். அவள் கடுமையாகப் பேசியிருந்தால் கஸ்பர் திரும்பப் பேசியிருப்பான். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எங்களுக்குத் தெரியும் என்றாள். ஆனால் அந்த வீடு குழந்தைக்குப் பாதுகாப்பானதல்ல என்றாள். அதைத்தானே அவன் இவ்வளவு நாளும் கவுன்சிலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்! இப்போது ஒத்துக்கொண்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் சவுத்தெண்டில் ஒரு குடும்ப விடுதியில் அறை கிடைத்திருக்கிறது, நல்ல சூடான அறை. தகப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கலாம், விடுதி ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பார். வீட்டையும் அவனையும் மதிப்பிட்டு முடிக்கும்வரை பிள்ளையோடு அவன் தனியே இருக்கக் கூடாது.

"நான் அவளுக்குச் சூடு குடுக்கத்தானே செய்தனான்," என்றான் கஸ்பர். தமிழில்தான் சொன்னான். யாருக்கும் விளங்கவில்லை. சாந்தி மட்டும் அவன் கையைப் பிடித்தாள்.

தவக்காலம் தொடங்கிச் சில கிழமை கழித்து, வெளிநாட்டிலிருந்து கொதிகலனுக்கான அந்தச் சாமான் வந்து சேர்ந்தது. ஒரு பின்னேரம் கஸ்பர் பிறீசர் வேலை முடித்து ஜக்கெற்றோடு வீட்டுக்குள் நுழைந்தான். முகத்தில் ஏதோ அடித்தது. சூடு. காத்திருந்த நாட்களில் பிள்ளையின் அறைச் சூட்டுக்குழாயின் திருகை முழுக்கத் திறந்துவிட்டிருந்தான். அது அப்படியே இறுகிப்போயிருந்தது. அறை கொதித்தது. வெப்பமானி இருபத்தாறு. தொட்டிலில் போர்வை மடித்தபடி இருந்தது. அவன் தொட்டிலடியில் தரையில் உட்கார்ந்து சாந்திக்குப் போன் எடுத்தான்.

"சூடு வந்திட்டுது."

"மெய்யாவோ? எங்கை, காட்டுங்கோ."

போனைத் திருப்பி வெப்பமானியைக் காட்டினான். அந்தப் பக்கம் அவள் தோளில் கத்தரின் கிடந்தாள், கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது.

"அப்ப நாங்கள் வரலாமோ?"

"அந்த அதிகாரியைக் கேட்டனான். சூடு வந்தாக் காணாதாமப்பா. நிண்டுபோகாத சூடெண்டு ஆரும் எழுதித் தரோணுமாம்."

"ஆர் எழுதித் தாறது?"

"ஜம்புநாதன் சாரைக் கேட்டன். பழைய மெஷின், நான் எப்படிங்க அப்படி எழுதறது எண்டு கேக்கிறார். பொய் எழுத மாட்டார், அந்தாள். கொம்பனி, கவுன்சிலைக் கேளெண்டுது. கவுன்சில், உந்த விறகுச் சூட்டை வைச்சிருக்கிறதோ மாத்திறதோ எண்டு அரசாங்கம் முடிவு செய்யட்டுமாம், பிறகு பாப்பமாம்."

பிள்ளை முனகியது, சாந்தி தட்டிக்கொடுத்தாள்.

"நீங்கள் எங்கை இருக்கிறீங்கள்?"

"அவளின்ரை அறையிலை."

"கதவு சாத்தியிருக்கோ?"

"ஓம்."

"கதவைத் திறவுங்கோ," என்றாள் சாந்தி. "ஜன்னலையும் திறவுங்கோ. உந்த டேப்பைக் கிழிச்சு எறியுங்கோ."

"ஜன்னலைத் திறந்தா சூடெல்லாம் வெளியிலை போயிடும் சாந்தி."

"போகட்டும். ஆருக்கு அது?"

கஸ்பர் போனைத் தொட்டிலுக்குள் வைத்துவிட்டு எழுந்தான். டேப் இலேசில் வரவில்லை, நகத்தால் சுரண்டித்தான் கிழிக்க வேண்டியிருந்தது. கிழிக்கக் கிழிக்க அவன் வாய்விட்டு அழுதான். ஜன்னலைத் தள்ளித் திறந்தான். அறைச்சூடு அவனைத் தாண்டி வெளியே போனது. கீழே பின்பக்கத்தில், லொறி ஒன்று பெல்லட் ஊதிக்கொண்டிருந்தது.